காலை உணவுக்கு ஆள் தேடிய கதை

2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிவாக்கப்பட்டது. மொத்தம் 31,008 அரசுப் பள்ளிகள். அதில் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும் ஒன்று. அடுப்பு, பாத்திரம், ரவை, பருப்பு எல்லாம் எப்படியோ வந்து சேர்ந்தன. தலைமையாசிரியையான எனக்குத் தலைவலி கொடுத்தது, சமைக்க ஆள் கிடைப்பதுதான்.

விதிப்படி அவர் உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்க வேண்டும், ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்க வேண்டும். முக்கியமாக, அவருடைய பிள்ளை எங்கள் பள்ளியிலேயே படிக்க வேண்டும். யோசித்த புண்ணியவான் யாரோ! தன் பிள்ளையும் சாப்பிடும் சாம்பாரில் எந்த அம்மா தண்ணீரை ஊற்றுவாள்? ஆனால் இருட்டோடு எழுந்து வரவேண்டிய வேலை, கிடைப்பதோ சிறு தொகை. பலர் தயங்கினார்கள். மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா ஒருவர், "ஒன்பது மணிக்கு முடிஞ்சிருமில்ல டீச்சர்? அப்புறம் நூறு நாள் வேலைக்குப் போயிக்கிறேன்" என்று முன்வந்தார்.

பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. அப்போது திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல், மறுபடி உப்புமா, கிச்சடி. அளவு அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டது. போன் செயலியில் சமையல் நேரத்தைப் பதியத்தான் சிக்னல் தேடிக் கொடிக்கம்பத்தடிக்கு ஓடுவார்.

சிக்கல் வேறு பக்கம் வந்தது. அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். "யாரு டீச்சர் சமைக்கிறது?" என்று ஒரு அப்பா கேட்டார். கேட்ட விதத்திலேயே விஷயம் புரிந்தது. யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. சில வீடுகளிலிருந்து பிள்ளைகள் மட்டும் சரியாக ஒன்பது மணிக்கு வர ஆரம்பித்தார்கள். "வீட்லயே சாப்ட்டோம் டீச்சர்."

ஆளை மாற்றச் சொல்லி மறைமுகமாகத் தூதும் வந்தது. முறைப்படி தேர்வானவர், மாற்ற முடியாது என்று முடித்துவிட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தானே? பரிமாறும் முன் ருசி பார்க்க அவர்களையே முறைவைத்து அழைத்தேன். ஒன்பது மணிக்குப் பிள்ளையை அனுப்பிய ஒரு அம்மாவும் குழுவில் இருந்தார். அவர் முறை வந்த அன்று, நான் தட்டில் வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு தானும் ஒரு கரண்டி வாங்கினார். மறுநாள் அவர் மகள் எட்டேகாலுக்கே பந்தியில் இருந்தாள். எல்லா வீடும் மனம் மாறியது என்று சொல்லமாட்டேன். ஒரு வீட்டார் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்தால் அம்மாவும் விலக வேண்டும் என்பது அதே விதியின் மறுபக்கம். கை பழகிய நேரத்தில் ஆளை இழக்கிறோம். இதை அரசு மாற்றினால் நல்லது. அதுவரை, ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வரும் அம்மாக்களிடம், "மகளிர் குழுவுல இருக்கீங்களாம்மா, காலையில சமைக்க வருவீங்களா?" என்று அப்போதே கேட்டு வைக்கிறேன்.