கீரிமலைக்காரன் மலை இறங்கின கதை

ஏப்பிரல் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை, பூட்டிக் கிடந்த சூப்பர்மார்க்கெட் ஒண்டின்ரை கார் நிறுத்துமிடத்திலை நானும் மகளும் குந்தியிருந்து பாஸ்மதி அரிசி கூட்டி அள்ளினாங்கள். நாயோடை நடக்க வந்த ஒரு வயசான ஜேர்மன்காரி நிண்டு பாத்திட்டு, ஒண்டும் கேக்காமல் தலையை ஆட்டிப்போட்டுப் போட்டா. பக்கத்திலை ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் கார் மல்லாக்கக் கிடந்தது. மகளுக்கு ஒண்டரை வயசிலை வாங்கின பொபி கார். இப்ப அவவுக்குப் பதினாலு.

ஜேர்மனியிலை பிள்ளை வளத்த ஆக்களுக்கு பொபி கார் எண்டால் என்னெண்டு சொல்லத் தேவையில்லை. மற்றவைக்காகச் சொல்லுறன். 1972-லை நூர்ன்பேர்க் விளையாட்டுப் பொருள் கண்காட்சியிலை முதல் முதல் வெளிவந்தது. பெடல் இல்லை, மோட்டர் இல்லை. பிள்ளை ஏறி இருந்து காலாலை உந்தி உந்திப் போகும். அறுபது சென்ரிமீற்றருக்குக் கிட்ட நீளம், நாலு சக்கரம், ஒரு ஸ்ரியறிங், ஒரு ஹோர்ன். உடம்பின்ரை இரண்டு பக்கத்திலையும் பிள்ளையின்ரை முழங்கால் சரியா வந்து பொருந்திற மாதிரி ஒரு வளைவு இருக்கும். கோடிக்கணக்கிலை வித்திருக்கு. மத்தியானம் ஒண்டரைக்குக் கல்லுப் பதிச்ச நடைபாதையிலை அதை ஓட்டிற சத்தம் கேட்டால் மேல்மாடிக் கிழவர் யன்னலைத் திறந்து பேசுவார். சக்கரத்துக்கு ரப்பர் சுத்தின, சத்தம் குறைஞ்ச மொடலும் பிறகு வந்தது. எங்கடை கார் அதுக்கு முந்தின சாதி, கடகடவெண்டு சத்தம் போடுற சாதி.

இந்தச் சாமானிலை பெரிய ஆக்கள் மலை இறங்கி ஓட்டப் போட்டி வைக்கினம் எண்டு எனக்குக் கனகாலம் தெரியாது. விளையாட்டில்லை. நாடு தழுவிய சம்பியன் போட்டி இருக்கு, கழகங்கள் இருக்கு. மோட்டசைக்கிள்காரர் போடுற தோலுடுப்பும் முழு ஹெல்மெட்டும் போட்டு, மல்லாக்கப் படுத்த மாதிரி கிடந்து, நூறு கிலோமீற்றர் வேகத்துக்கு மேலை போகினம். எஞ்சின் இல்லை, மலை மட்டும்தான். மின்மோட்டர் பூட்டினது வேறை கதை. 2022-லை ஹொக்கன்ஹைம் ஓட்டத்தடத்திலை அப்பிடி ஒண்டு 148 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினது. அதுக்கு நான் வரேல்லை.

நான் யாழ்ப்பாணத்திலை கீரிமலைப் பக்கம் பிறந்தவன். பேரிலை மலை இருக்கே ஒழிய ஊரிலை மலை இல்லை. கேணி இருக்கு, கடல் இருக்கு. சின்னனிலை நாங்களும் பேரிங் வண்டி செய்தனாங்கள். பழைய லொறிப் பேரிங் மூண்டு, ஒரு பலகை, முன்னுக்குக் கயிறு. ஆனால் இறக்கம் எண்ட ஒண்டு இல்லாதபடியாலை ஒருத்தன் இருக்க ஒருத்தன் தள்ளவேணும். இளையவன் நான், தள்ளினது முழுக்க நான்தான். இப்ப இருக்கிறது ஜேர்மனியிலை வூப்பெற்றால் நகரத்திலை. இஞ்சை வீட்டு வாசலிலை ஒரு தோடம்பழத்தைக் கீழை போட்டால் அதை ஆத்தங்கரையிலை, தொங்கு ரயிலுக்குக் கீழைதான் போய்ப் பொறுக்கவேணும். இருவத்தாறு வருசம் இந்த மேட்டிலை சாமான் பை தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறன். ஒருக்கால் எண்டாலும் அந்த இறக்கத்தாலை ஒரு பிரயோசனம் எடுக்கவேணும் எண்டு மனசிலை கிடந்தது.

அப்பதான் பக்கத்துக் கிராமத்திலை ஜூன் மாசத் தெருவிழாவிலை பொபி கார் ஓட்டம் எண்டு மகள் ஒரு நோட்டீஸ் கொண்டு வந்தா. 240 மீற்றர் றோட்டு, 17 மீற்றர் இறக்கம். சட்டம் மூண்டே மூண்டு: மேலுடம்பு அசல் விளையாட்டுக் காரா இருக்கவேணும், மோட்டர் கூடாது, ஹெல்மெட் கட்டாயம்.

எனக்கு வேலை லேத்திலை. இரும்பு கடையிறது இருவது வருசப் பழக்கம். அதாலை ஒரு தலைக்கனம். வேகம் எண்டால் சக்கரமும் பேரிங்கும்தானே, அது என்ரை வேலைதானே எண்டு நினைச்சன். கார் 50 கிலோவுக்குச் செய்தது, நான் 82 கிலோ. அதாலை காரின்ரை வயித்துக்குள்ளை ஒரு இரும்புச் சட்டம் வேணும் எண்டது மட்டும் விளங்கினது.

முதல் பாடத்தைப் பிளாஸ்ரிக் படிப்பிச்சது. சட்டத்தை எப்பொக்சி பசை போட்டு ஒட்டி, ஒரு இரவு காயவிட்டு, விடிய எடுத்துப் பாத்தால் பசை முழுக்க வாழைத்தோல் மாதிரி உரிஞ்சு வந்திட்டுது. கார் செய்த பிளாஸ்ரிக் பொலியெதிலீன், அதிலை சாதாரணப் பசை ஒண்டும் பிடிக்காது. சாப்பாட்டுப் பெட்டியிலை ஸ்ரிக்கர் நிக்காத அதே கதைதான். துளைச்சு, உள்ளுக்கும் வெளியிலும் அகலத் தகடு வைச்சு, போல்ட் போட்டு இறுக்கிறதுதான் ஒரே வழி. இரண்டாவது பாடம் நுரை. உடம்பு உள்ளுக்குக் கோறை. நுரை அடிச்சு நிரப்பினால் விறைப்பா நிக்கும் எண்டு கதவு யன்னலுக்கு அடிக்கிற சாதாரணக் கட்டிட நுரை இரண்டு போத்தல் அடிச்சன். அந்த நுரை காத்திலை இருக்கிற ஈரத்தைக் குடிச்சுத்தான் இறுகும் எண்டது பிறகுதான் தெரிஞ்சது. மூடின பிளாஸ்ரிக்குக்குள்ளை ஈரம் எங்கை? வெளி ஓரம் கல்லு மாதிரி, நடுவுக்குள்ளை தேன் மாதிரி. மூண்டு நாளாக் கெல்லர் (வீட்டுக்குக் கீழை இருக்கிற நிலவறை) நிலத்திலை மஞ்சளா ஒழுகினது. இரண்டு திரவம் கலக்கிற நுரை எண்டு வேறை ஒண்டு இருக்கு, அதுக்குக் காத்தும் ஈரமும் தேவையில்லை. கம்பியாலை பழசை நோண்டி எடுத்துப்போட்டு அதை ஊத்தினன். கொஞ்சம் கூடிப்போச்சு. இருக்கை இரண்டு சென்ரிமீற்றர் வீங்கி மேலை வந்திட்டுது. மகள் பாத்திட்டு, "அப்பா, கார் இப்ப உங்கடை வயிறு மாதிரியே இருக்கு" எண்டா.

சக்கரம் மட்டும் நான் நினைச்ச மாதிரி வந்தது. சாமான் தள்ளுற கைவண்டிக்குப் போடுற 200 மில்லிமீற்றர் கட்டி ரப்பர்ச் சக்கரம் நாலு. உள்ளுக்கிருந்த மலிவு உருளைப் பேரிங்கைக் கழட்டி எறிஞ்சிட்டு, 6202 பேரிங் பக்கத்துக்கு ஒண்டா எட்டு. உள்வட்டம் 15 மில்லிமீற்றர், வெளிவட்டம் 35. அதுக்கு அளவா அச்சும் நடுக்குடமும் கடைஞ்சன். முதலாளியிட்டைக் கேட்டு, வேலை முடிஞ்ச பிறகுதான். சக்கரத்தை லேத்திலை மாட்டிச் சுத்தவிட்டுப் பாத்தால் ரப்பர் வட்டமே இல்லை. ஒரு பக்கம் ஒண்டரை மில்லிமீற்றர் தூக்கல். கத்தி வைச்சால் ரப்பர் விலகிப் போகும், வெட்டாது. அரத்தாள் ஒட்டின உருளையைப் பிடிச்சு மெல்ல மெல்லத் தேய்ச்சு எடுக்கவேணும். பட்டறை முழுக்க எரிஞ்ச ரப்பர் மணம். உடுப்பிலையும் ஏறி, மனுசி இரண்டு நாள் என்னைக் குசினிக்குள்ளை விடேல்லை.

பேரிங்குக்கு வாறன். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டது வாங்கினனான். அந்த மூடி உள்வட்டத்திலை உரஞ்சும், உள்ளுக்கு இருக்கிற கிறீசும் தடிப்பு. ஊசியாலை மூடியைக் கிளப்பி, பெற்றோலிலை கழுவி, தையல் மெசினுக்கு விடுற எண்ணெய் இரண்டு சொட்டு. கையாலை ஒரு சுத்துச் சுத்திவிட்டால் முந்தி 38 செக்கனிலை நிண்ட சக்கரம், இப்ப 2 நிமிசம் 50 செக்கன் சுத்தினது. கெல்லரிலை ஸ்ரூல் போட்டிருந்து அதையே திருப்பித் திருப்பிப் பாத்தன். கோயில் தேர் பாத்த மாதிரி.

அந்தப் பெருமையோடைதான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனது. முதல் ஓட்டத்துக்கு நான் ஏறேல்லை, பயம்தான். எனக்குப் பதிலா கெல்லரிலை இருந்து மூண்டு 20 கிலோ அரிசிச் சாக்கு. மனுசி கோயில் அன்னதானத்துக்கு வாங்கி வைச்சது. பட்டி போட்டு இறுக்கி, ஸ்ரியறிங்கை நேராக் கயித்தாலை கட்டி, லொறி இறங்கிற சரிவாலை விட்டம். ஒரு பத்து மீற்றர் அழகாப் போனது. பிறகு முன்பக்கம் நடுங்கத் தொடங்கினது. இடக்கு வலக்கு, இடக்கு வலக்கு, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட. கடைசியிலை ஒரே வெட்டு வெட்டி ஓரக்கல்லிலை ஏறிப் பிரண்டது. ஒரு சாக்கு வெடிச்சது.

அரிசி அள்ளிக்கொண்டிருக்கேக்கை மகள் கேட்டா, "அப்பா, சக்கரம் நல்லாச் சுத்துது, சரி. ஆனால் இது நேரா ஏன் போகேல்லை?"

நான் அதை ஒரு நாள் கூட யோசிக்கேல்லை.

வீட்டை வந்து திருப்பிப் போட்டுப் பாத்தால் விசயம் கண்ணுக்கு முன்னாலை கிடக்கு. இந்தக் காரிலை முன் அச்சு முழுக்க ஒரே கம்பி. ஸ்ரியறிங்கைத் திருப்பினால் நடுவிலை ஒரு புள்ளியைச் சுத்தி அச்சு முழுக்கத் திரும்பும், மாட்டு வண்டி நுகம் மாதிரி. அப்ப ஒரு பக்கச் சக்கரம் சின்னக் கல்லிலை இடிச்சாலும், சக்கரத்துக்கும் நடுவுக்கும் இடையிலை உள்ள அந்த 15 சென்ரிமீற்றரும் நெம்புகோல் மாதிரி நிண்டு ஸ்ரியறிங்கைத் திருப்பும். அதுக்கு மேலை, கம்பி போற பிளாஸ்ரிக் ஓட்டை தேய்ஞ்சு மூண்டு மில்லிமீற்றர் ஆட்டம். பிள்ளை நடக்கிற வேகத்துக்கு இது ஒண்டும் செய்யாது. வளைவிலை இன்னொரு ஆபத்து: அச்சுத் திரும்பத் திரும்ப, ஒரு முன்சக்கரம் உள்ளுக்குப் போய், நிக்கிற அடி ஒடுங்கும். கார் பிரளும்.

உண்மைக் காரிலை இருக்கிற மாதிரி, ஒவ்வொரு சக்கரமும் தன்ரை தன்ரை முளையிலை திரும்பவேணும். சக்கரத்துக்குக் கிட்டவே முளை இருந்தால் நெம்பிற தூரம் மூண்டு சென்ரிமீற்றராக் குறைஞ்சிடும். இரண்டு முளை கடைஞ்சன், நடுவிலை உருண்டை மூட்டுப் போட்ட இணைப்புக் கம்பி. முளையின்ரை மேல்முனையை 12 பாகை பின்னுக்குச் சரிச்சு வைச்சன். சைக்கிள் முன்கவரும் இப்பிடித்தானே சரிஞ்சு நிக்குது, கையை விட்டாலும் நேரா வரும். பிறகு இரண்டு சக்கரத்தின்ரை முன்பக்கமும் பின்பக்கமும் நூல் கட்டி அளந்து, முன்பக்கம் ஒரு மில்லிமீற்றர் உள்ளுக்கு. பேரிங் வேலை ஒரு பின்நேரத்திலை முடிஞ்சது. இதுக்கு ஆறு கிழமை. நாலு தரம் கழட்டிப் பூட்டினன். மூண்டாந்தரம் வெல்டிங் சூட்டிலை சட்டம் நெளிஞ்சு, இடப்பக்க முளை 12-க்குப் பதிலா 9 பாகையிலை நிண்டது. அந்தக் கிழமை ஞாயிறு ஓடிப் பாக்கேக்கை கார் இடப்பக்கம் இழுத்து, என்ரை முழங்கைத் தோல் அந்த நிறுத்துமிடத்திலை தங்கிட்டுது.

பிரேக் எண்டு ஒண்டு இந்தக் காரிலை இல்லை. சப்பாத்துத்தான் பிரேக். பழைய கார் ரயரை வெட்டி, அடியிலை ஒட்டி, ஓரத்திலை நைலோன் நூலாலை தைச்சன். முழு அடியும் ஒரே நேரத்திலை நிலத்திலை வைக்கவேணும். குதிக்காலை மட்டும் ஊண்டினால் கால் காருக்குக் கீழை இழுபட்டுப் போகும். இதை மகளுக்கு முப்பது தரம் சொல்லியிருப்பன். ஏனெண்டால் இதுக்கிடையிலை அவவும் பேர் குடுத்திட்டா. தாய்தான் கையெழுத்துப் போட்டது. "நீங்கள் போனால் அவளும் போகட்டும். அவளுக்கு உங்களைவிட மூளை இருக்கு" எண்டு.

ஓட்டத்தண்டு றோட்டின்ரை இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டு அடுக்கி, மேலை ஒரு மரத் தட்டு, கீழை ஒளிக்கதிர் வெட்டினால் நிக்கிற மணிக்கூடு. டோட்மூண்டிலை இருந்து மச்சான் குடும்பமும் வந்து, றோல்ஸ் பெட்டியோடை நிண்டவை. தட்டிலை ஏறி இருக்கேக்கை றோட்டு நோட்டீசிலை இருந்ததை விடச் செங்குத்தாத் தெரிஞ்சது. விட்ட முதல் ஐஞ்சு செக்கன் ஒண்டும் இல்லை, நடந்து போகலாம் போலை. பாதித் தூரத்திலை காதுக்குள்ளை ஹெல்மெட் ஊளையிடத் தொடங்கினது. ஆசனத்துக்கும் றோட்டுக்கும் இடையிலை ஒரு சாண் கூட இல்லை. தார் எல்லாம் கோடு கோடாப் போகுது. நான் நடுக்கம் வரும் வரும் எண்டு ஸ்ரியறிங்கை நெரிச்சுப் பிடிச்சுக்கொண்டு காத்திருந்தன். வரேல்லை. 35.2 செக்கன்.

மகள் 34.3.

நான் கூடப் பாரம், நான்தான் வேகமா வரவேணும் எண்டு கணக்குப் போட்டு வைச்சிருந்தன். பாரம் கூடினால் காத்து மறிக்கிறது கணக்கிலை குறையும், அது சரி. ஆனால் நான் பயத்திலை நிமிந்து இருந்து யன்னல் கதவு மாதிரி முழு நெஞ்சாலையும் காத்தைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறன். அவ தலையை மட்டும் கொஞ்சம் தூக்கி, மல்லாக்கப் படுத்து வந்தா. கீழை வேகம் காட்டிற பலகையிலை அவவுக்கு 43, எனக்கு 40. முடிவுக் கோட்டைத் தாண்டேக்கை ஹோர்னையும் அமத்தினா. பன்னிரண்டு வருசப் பழைய ஹோர்ன், தாரா மாதிரி ஒரு சத்தம். சனம் முழுக்கச் சிரிச்சது. 31 பேரிலை அவ ஒன்பதாவது, நான் பதினாலாவது.

கார் இப்ப கெல்லரிலை தொங்குது. நேற்று முன்இடச் சக்கரத்தைச் சுத்திப் பாத்தன், 50 செக்கனிலை நிண்டிட்டுது. உள்ளுக்கு மணல் அரைக்கிற சத்தம். மூடியைக் கழட்டி எறிஞ்ச வினை, வைக்கோல் தூசி முழுக்க உள்ளுக்கு. எட்டையும் மாத்தவேணும். இந்த முறை மூடியோடையே விடப்போறன். மகள் அடுத்த வருசத்துக்கு இருக்கையை மூண்டு சென்ரிமீற்றர் பதிக்கச் சொல்லுறா, அப்பதான் தலை இன்னும் கீழை போகுமாம். மனுசி அந்த இடத்திலை அரிசி வைக்கவேணும் எண்டு நிக்கிறா. மூண்டு சாக்கு, அதிலை ஒண்டு நான் வாங்கிக் குடுக்கவேண்டியது.