கவுன்சிலுக்கு லீசுக்குக் கொடுத்த வீட்டைத் திரும்ப எடுத்த கதை

லண்டனில் இருக்கிற எங்கட இரண்டாவது வீட்டை 2019இல் ஐந்து வருச லீசுக்கு (குத்தகைக்கு) அந்தப் பகுதிக் கவுன்சிலிடம், அதாவது உள்ளூராட்சி சபையிடம், கொடுத்தோம். வீடில்லாத குடும்பங்களைத் தற்காலிகமாக இருத்துவதற்கு அவர்கள் எடுக்கிற திட்டம். மாதம் 1,450 பவுண்ஸ். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். ஒரு மாதம்கூடப் பிந்தவில்லை, அதையும் சொல்லத்தானே வேணும்.

சிக்கல் முடிவில்தான். லீஸ் 2024 யூலை 31இல் முடிந்தது. உள்ளே இருந்த குடும்பத்துக்கு வேறு இடம் கிடைக்காததால் திறப்பு என் கைக்கு வர செப்டம்பர் 20 ஆகிவிட்டது. ஆனால் வாடகையை ஓகஸ்ட் முதலாம் திகதியே நிறுத்திவிட்டார்கள். கேட்டால், "லீஸ் முடிந்துவிட்டதுதானே" என்று பதில். லீசிலோ, வெறுமையான வீட்டை எல்லாத் திறப்புகளோடும் ஒப்படைக்கும் நாள்வரை வாடகை உண்டு என்று தெளிவாக எழுதிக் கிடந்தது.

வீட்டைத் திறந்தபோது குசினியில் சிங்குக்குக் கீழே இருந்த கபேட் தண்ணி குடித்து ஊதி, கதவு மூடவே மறுத்தது. படுக்கையறைக் கதவில் கைமுட்டி அளவில் ஓட்டை. குளியலறைக் கூரை முழுக்கப் பூஞ்சணம். திருத்த 5,870 பவுண்ஸ் என்று பில்டர் எழுதித் தந்தார். கவுன்சில் அனுப்பிய அறிக்கையில் இதெல்லாம் "பாவனையால் வந்த தேய்வு". கதவில் ஓட்டை விழுவது எந்தத் தேய்வில் சேர்த்தி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

2019இல் அவர்கள் எடுத்த இன்வென்டரியில், அதாவது வீட்டின் நிலையைக் குறித்த பட்டியலில், குசினிக்கு "நல்ல நிலை" என்ற இரண்டு சொல், படமில்லை. எங்களைக் காப்பாற்றியது மனைவி. கொடுக்கிற அன்று கபேட்டுகளைத் திறந்து உள்பக்கமெல்லாம் படம் எடுத்தா. நான்தான் "இது எதுக்கு" என்று சிரித்தேன்.

கவுன்சிலின் முறைப்பாட்டு நடைமுறையில் இரண்டு கட்டமும் போனேன், பயனில்லை. பிறகு என்னைப் பற்றி அவர்களிடம் உள்ள எல்லாப் பதிவுகளையும் கேட்டு எழுதினேன். இதற்குக் காசில்லை, வழமையாக ஒரு மாதத்துக்குள் தரவேணும். வந்த பதிவுகளுக்குள் ஓகஸ்ட் 29ஆம் திகதி கவுன்சில் ஆட்கள் தங்களுக்குள் அனுப்பிய மின்னஞ்சல் ஒன்று: குடும்பம் இன்னும் வீட்டில்தான், சொந்தக்காரர் வாடகை கேட்கிறார், என்ன சொல்வது? அதை வாசித்த இரவு நித்திரை வரவில்லை.

காசைத் தரச்சொல்லி 14 நாள் அவகாசத்தோடு கடிதம் போட்டேன், அசையவில்லை. 51 நாள் வாடகை 2,430, திருத்தம் 5,870, மொத்தம் 8,300 பவுண்ஸ். 10,000க்குள் என்பதால் நீதிமன்றத்தில் இது சிறு தொகை வழக்கு. 2025 ஜனவரியில் நீதிமன்றக் கட்டணம் 455 பவுண்ஸ் கட்டி ஒன்லைனிலேயே பதிந்தேன், சட்டத்தரணி வைக்கவில்லை.

2024 மே மாதத்திலிருந்து இப்படியான பண வழக்குகளுக்கு நீதிமன்றத்தின் இலவச மத்தியஸ்தம் கட்டாயம். ஒரு மணித்தியாலத் தொலைபேசி அழைப்பு. மத்தியஸ்தர் இரண்டு பக்கத்தோடும் தனித்தனியாகக் கதைப்பார். யார் சரி என்று சொல்லமாட்டார். வாடகை விசயத்தில் மின்னஞ்சலைச் சொன்னதும் மறுபக்கம் இறங்கிவிட்டது. திருத்தத்தில்தான் எனக்கு அடி. வீட்டுச் சொந்தக்காரர், வாடகைக்காரர் பற்றிய 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவைக் காட்டினார்கள்: திருத்தாமல் விட்டதால் வீட்டின் பெறுமதி எவ்வளவு குறைந்ததோ அதற்கு மேல் நட்டஈடு கேட்கமுடியாது. பழைய கபேட்டுக்குப் புதுக் கபேட்டின் விலையை நான் கேட்டிருந்தேன். மனதுக்குக் கசந்தாலும், அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

அழைப்பு முடியப் பத்து நிமிடம் இருக்க, கட்டணமும் சேர்த்து 6,000 என்றார்கள். மனைவியைப் பார்த்தேன், தலையாட்டினா. ஒத்துக்கொண்டால் அது இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், பிறகு மாறேலாது. 26ஆவது நாள் காசு வந்தது. குசினிக்குக் குறைந்ததை எங்கட கையால்தான் போட்டோம்.