குளிர் ஊரில் தாகம் எடுக்காது

ஊட்டி, குன்னூர் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது ஸ்வெட்டரைப் பற்றித்தான். அது மார்க்கெட்டில் கிடைக்கும், போய் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். 2022-ல் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு மதுரை, விருதுநகர், தூத்துக்குடி என்று வெயிலிலேயே வளர்ந்த பெண்கள் எங்கள் மாடி அறைக்கு வாடகைக்கு வருகிறார்கள். வந்த கொஞ்ச நாளில் ஒருத்திக்குத் தலைவலி, இன்னொருத்திக்கு மலச்சிக்கல், அடுத்தவளுக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல். "ஆன்ட்டி, இந்த ஊர் தண்ணி எங்களுக்கு ஒத்துக்கல" என்பார்கள். ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு முதலில் அதைக் குடித்திருக்க வேண்டுமே!

நானும் வெளியிலிருந்து வந்தவள்தான், அதுவும் கடல் தாண்டி. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று தலையை எண்ணிப் பிரித்த ஒப்பந்தம் அது. காகிதத்தில் நாங்கள் தாயகம் திரும்பியோர். என் அப்பா பிறந்ததே லயத்து வீட்டில்தான், அதாவது தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய குடியிருப்பில், அவருக்கு இந்தியா என்பது தாத்தா சொன்ன கதை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கிருந்து ரயிலும் பஸ்ஸுமாக மேட்டுப்பாளையம் வந்து, கோத்தகிரி பக்கம் டேன்டீ என்கிற அரசு தேயிலைத் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டமே இங்கே தொடங்கியது. ஊரில் எல்லாருக்கும் நாங்கள் சிலோன்காரங்க. இன்றைக்கும் சில கடைகளில் அப்படித்தான்.

மலை ஒன்றுதான், தேயிலை ஒன்றுதான், குளிர்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தட்டு மாறிப்போனது. அங்கே காலையில் ரொட்டி, தேங்காய்ச் சம்பல், ஒரு கோப்பை சாயத்தண்ணி, அதாவது பால் விடாத டீ. இங்கே தேங்காய் கீழேயிருந்து லாரியில் ஏறி வர வேண்டும், விலையைக் கேட்டதும் அம்மா அரை மூடியை எத்தனை நாளைக்கு இழுக்கலாம் என்று கணக்குப் போடுவாள். சம்பலில் போட மாசிக் கருவாடு கிடையாது. ரேஷன் அரிசி, கொஞ்சம் பருப்பு, அப்புறம் டீ. பசித்தால் டீ, களைத்தால் டீ, விருந்தாளி வந்தால் டீயும், வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டும். தோட்டத்துப் பெண்கள் வெளிறிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டு கூடையைச் சுமந்ததற்கு வறுமைதான் முதல் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் கிடைத்த கொஞ்சம் இரும்புச்சத்தையும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்த டீ உடம்பில் சேரவிடவில்லை என்பதை நர்ஸிங் படிக்கப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். கீரையிலும் பருப்பிலும் ராகியிலும் இருக்கும் இரும்பை டீயில் உள்ள டானின் பிடித்து வைத்துக்கொள்ளும். கொய்யா, எலுமிச்சை, நெல்லிக்காயில் இருக்கும் வைட்டமின் சி அதே இரும்பை ஏற்க உதவும். டீயை விடச் சொல்ல எனக்கு வாய் வராது, எங்கள் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட செடி. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

படித்தது கோயம்புத்தூரில். அங்கே வேர்த்துக் கொட்டும், தாகம் எடுக்கும், யாரும் சொல்லாமலே தண்ணீர் குடிப்போம். மலையேறி வேலைக்குத் திரும்பியதும் அந்தத் தாகம் எங்கே போனதென்றே தெரியாது. குளிரில் தோலுக்கடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடம்பின் உள்பக்கம் கூடும். ஆஹா, தேவைக்கு மேல் நீர் இருக்கிறது என்று உடம்பு ஏமாந்துபோய் தாகத்தைக் குறைக்கும், சிறுநீரகமோ அதிகமாக வெளியே தள்ளும். குளிர் ஊரில் அடிக்கடி பாத்ரூம் வருவது இதனால்தான். அதற்கு மேல் ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் காற்று அவ்வளவு வறண்டிருக்கும், மூச்சு விடும்போதே ஈரம் போய்க்கொண்டிருக்கும். வேர்வை கண்ணில் படாததால் எதுவும் போகவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதில் நர்ஸ் வேலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காலை டியூட்டிக்கு ஏழு மணிக்கு உள்ளே போனால் முந்தைய ஷிஃப்டிடம் பொறுப்பு வாங்கும் ஹேண்டோவர், ஊசி, மருந்து, டாக்டர் ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ், நடுவில் ஒரு கேஸ் மோசமாகும், நிமிர்ந்து பார்த்தால் மணி ஒன்று. கூடலூர் பக்கத்துப் பழங்குடி மக்களில் அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் அட்மிட் ஆவார்கள். உடம்பில் நீர் குறைந்தால் ரத்த அணுக்கள் வளைந்து விறைத்துக் குழாயை அடைத்து, தாங்க முடியாத வலி வந்துவிடும். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து "தண்ணி குடிங்கம்மா, நல்லா குடிங்க" என்று டம்ளரை வாயருகில் பிடிப்போம். அப்படிப் பிடித்த சிஸ்டர் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்க மாட்டாள்.

ஏன் குடிப்பதில்லை என்று கேட்டால் நேரமில்லை என்பார்கள். அது பாதிதான் உண்மை. மீதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: பாத்ரூம். நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கான கழிப்பறை ஒரு மாடி கீழே, வராந்தாவின் கடைசியில். வார்டை விட்டுப் போய் வருவதற்குள் பெல் அடிக்கும், வந்ததும் எங்கே போனாய் என்று விசாரணை நடக்கும். அதனால் பிள்ளைகள் தண்ணீரையே நிறுத்திவிட்டார்கள். சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று வந்து, நோயாளிக்குக் கொடுக்கும் அதே மாத்திரையைத் தாங்களும் வாங்கி முழுங்கிக்கொண்டு டியூட்டி பார்த்தார்கள். நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிக் கொடுத்து, கேட்டு, மறுபடி கேட்டு, கடைசியில் அதே மாடியில் பூட்டிக் கிடந்த ஒரு பாத்ரூமின் சாவியை வார்டு டிராயரில் வைத்தார்கள். ஆரோக்கியமாகச் சாப்பிடுவது பற்றி நர்ஸ்களுக்கு வகுப்பு எடுக்க வருகிறவர்கள் முதலில் இந்தச் சாவியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கட்சி. 2020-ல் கொரோனா உடையைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் ஒரு சொட்டு இல்லாமல் நின்றோமே, அது வேறு கதை, அதை எழுத இப்போது மனசில்லை.

சரி, என்ன செய்யலாம்? தாகத்தை நம்ப வேண்டாம், வேலையை நம்புங்கள். அது தவறாமல் வரும். ஹேண்டோவருக்கு முன்னால் ஒரு டம்ளர், பத்து மணி மருந்து முடிந்ததும் ஒன்று, சார்ட் எழுத உட்காரும்போது ஒன்று, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று, யூனிஃபார்ம் மாற்றும்போது ஒன்று. வீட்டில் குடிப்பதையும் சேர்த்தால் இரண்டு லிட்டர் பக்கம் வந்துவிடும், பெரும்பாலானவர்களுக்கு அது போதும். ஒரேயடியாக ஒரு லிட்டரைக் கவிழ்த்துக்கொள்வதில் பயனில்லை, பெரும்பகுதி சீக்கிரமே வெளியே போய்விடும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வெளிறி இருந்தால் நல்லது, டீ டிகாஷன் மாதிரி இருந்தால் டம்ளரைத் தேடுங்கள். நோயாளியின் பையில் நிறம் பார்த்துக் குறித்து வைக்கிறோம், நம்முடையதைப் பார்க்க என்ன வெட்கம்?

குளிரில் பச்சைத் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்பது நியாயமான புகார். அதனால் வெந்நீர். ஸ்டீல் ஃபிளாஸ்க் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம், ரோட்டோரத்தில் தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது, நிரப்பிக்கொள்ளலாம். வெறும் வெந்நீர் பிடிக்காதவர்கள் சீரகம் போட்டுக் கொதிக்க வைக்கலாம். என்னோடு வேலை பார்த்த மலையாளி சிஸ்டர்கள் பதிமுகக் கட்டையைப் போட்டு இளஞ்சிவப்பாக ஒரு தண்ணீர் கொண்டுவருவார்கள், முதலில் பார்த்தபோது ஏதோ மருந்து என்று நினைத்தோம், அப்புறம் வார்டு முழுக்க அதற்குப் பழகிவிட்டது. டீயும் கணக்கில் சேரும், அது உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பதெல்லாம் மிகைப்படுத்தல். கவலை சர்க்கரையைப் பற்றித்தான். ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் பத்து ஸ்பூன், நாற்பது ஐம்பது கிராம் அதிலேயே போயிற்று. கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் இந்த மலை எங்களைக் கைவிடவில்லை, எங்களுக்குத்தான் அதை எடுத்துச் சாப்பிடத் தெரிய நாளாயிற்று. கேரட், பீன்ஸ், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் காலடியில் விளைகிறது. எங்கள் லயத்துச் சமையலில் காய் என்பது குழம்பில் மிதக்கும் ஒன்றிரண்டு துண்டு. வார்டில் ஒரு படகர் அக்கா இருந்தார், இந்த நீலகிரி மலையின் சமூகத்தைச் சேர்ந்தவர், பகல் சாப்பாட்டுக்கு அவரைக் குழம்பும் ராகிக் களியும் கொண்டுவருவார். "உங்க சம்பலை இந்தப் பக்கம் தள்ளு, இதை எடுத்துக்கோ" என்று என் தட்டில் போடுவார். மாசியில்லாத என் சம்பல் அந்த அவரைக்கு ஈடே இல்லை, ஆனாலும் கடைசிவரை பண்டமாற்று நடந்தது. நூறு கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அவரையில் புரதம், இரண்டும் சேர்ந்தால் மாலை வரை வயிறு கத்தாது. கேன்டீன் பரோட்டா இரண்டு மணி நேரத்தில் தூக்கத்தைக் கொண்டுவரும்.

மாடியில் இருக்கும் பெண்களிடம் டியூட்டி டப்பாவுக்கு நான் சொல்வது ரொம்பச் சாதாரணம். அவித்த முட்டை, அதில் ஆறு கிராம் புரதம். ஒரு கை வேர்க்கடலை அல்லது சுண்டல். நறுக்கின கேரட், அது கையைக் கறைப்படுத்தாது, நின்றபடியே கடிக்கலாம். சீசனில் பிளம்ஸ், பேரிக்காய். தோட்டத்து வேலியோரம் மரத்தக்காளி கிடைத்தால் விடாதீர்கள், புளிப்பும் காரமுமாக ஒரு சட்னி அரைத்தால் ஆறின சாதம்கூட உள்ளே போகும். கைகழுவிச் சாப்பிட பத்து நிமிடம் கிடைப்பதே பெரிசு என்பதால், திறந்ததும் சாப்பிடக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். மூன்றடுக்கு டப்பா பிரியாணிக்கு அழகு, வார்டுக்கு ஆகாது.

நைட் டியூட்டி தனி உலகம். இரவில் உடம்பு சர்க்கரையைச் சரியாகக் கையாளாது, பகலில் சாப்பிட்ட அதே சோற்றை நடுராத்திரியில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும். எட்டு மணிக்கு முன்னாலேயே வீட்டில் நிறைவாகச் சாப்பிட்டுவிட்டு, நடு இரவில் சூப்போ மோரோ ஒரு முட்டையோ போதும். இந்தக் குளிரில் மோரா என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் மிளகு ரசத்தை ஃபிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துப் போகலாம். மூன்று மணிக்கு வரும் அந்த வர்க்கி ஆசை இருக்கிறதே, அதை என்னால் கண்டிக்க முடியவில்லை. ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, இருந்தாலும் அது மைதாவும் கொழுப்பும் சர்க்கரையும்தான். ஒன்று சாப்பிடுங்கள், பொட்டலத்தை ஸ்டேஷன் மேசையில் திறந்து வைக்காதீர்கள், அங்கேதான் கை தானாகப் போகும். டீயை இரண்டு மணியோடு நிறுத்திவிடுவது நல்லது. காஃபின் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது, நாலரைக்குக் குடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தால் தூக்கம் எப்படி வரும், கண்ணை மூடிக்கொண்டு கீழ்வீட்டு மிக்ஸி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, ஓஆர்எஸ் என்கிற உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி. களைப்பாக இருக்கிறது என்று அதை ஜூஸ் மாதிரி தினம் கலக்கிக் குடிக்கிற பழக்கம் பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. அது வாந்தி பேதிக்கு, பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் கலக்கி. வார்டில் நின்ற களைப்புக்குத் தண்ணீரும் சாப்பாடும் போதும், கூட உப்பு தேவையில்லை, ஏற்கெனவே ஊறுகாயிலும் அப்பளத்திலும் வேண்டிய அளவுக்கு மேல் போகிறது. சிறுநீரகமோ இதயமோ பழுதுபட்டு நீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களும் நம் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவைத்தான் பிடிக்க வேண்டும், வீட்டுக்கார ஆன்ட்டி சொன்ன டம்ளர் கணக்கை அல்ல.