கரிசலுக்கு ஒரு ஜீப், அம்மாவுக்கு ஒரு கார்

டி.கல்லுப்பட்டிக்கும் பேரையூருக்கும் இடையில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கிறது. முழுக்கக் கரிசல். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அதே மண், ஐப்பசி மழை நின்று பெய்தால் டயரைச் சுற்றி அப்பிக்கொண்டு மட்கார்டு வரை நிரம்பிவிடும். தார்ச் சாலையிலிருந்து நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் ஓர் ஓடையும் குறுக்கிடுகிறது. இதற்காகவே 2016ஆம் ஆண்டின் மஹிந்திரா தார் (Thar) ஜீப் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். குடும்பமோ மதுரை நகருக்குள், தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. மூட்டுவலியோடு அம்மா, மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். நிலம், குடும்பம் இரண்டுக்கும் அந்த ஜீப்பையே தயார்செய்ய முடியுமா என்று விசாரிக்கத் தொடங்கினேன். விசாரணை முடிந்தபோது ஜீப்பில் செய்த மாற்றங்கள் மிகக் குறைவாகவும், வீட்டு வாசலில் இன்னொரு வண்டியாகவும் முடிந்தது. ஏன் அப்படி முடிந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வண்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். 2,498 சிசி டீசல் எஞ்சின், 105 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை, அதிலும் மெதுவாகவும் பலமாகவும் இழுக்கும் 'லோ' கியர். 2015இல் வந்த புதுப்பிப்புக்குப் பிறகான வண்டி என்பதால் பின் ஆக்சிலில், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. ஒரு பின்சக்கரம் சேற்றில் வெறுமனே சுழலும்போது மற்ற சக்கரத்துக்கும் விசையைக் கொண்டுபோவது அதன் வேலை. இவ்வளவையும் கம்பெனியே கொடுத்திருக்கும்போது இன்னும் எது குறைகிறது? மண்ணைப் பிடிக்கும் டயர் குறைகிறது. தேய்ந்துபோன உறுப்புகளுக்குப் பதில் நல்லவை வேண்டும். ஜீப்பைப் பொறுத்தவரை என் மொத்தத் திட்டமும் அதுதான்.

டயருக்கு நிறைய நேரம் செலவிட்டேன், அது தகும். கம்பெனி அளவு 235/70 ஆர்16. டயர்க் கடைகளில் 245/75 ஆர்16 போடச் சொன்னார்கள். பார்வைக்கு மிடுக்காக இருக்கும் என்பது உண்மை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய அளவின் விட்டம் ஏறத்தாழ 735 மி.மீ., புதியது 774 மி.மீ. அதாவது 5 சதவீதம் பெரியது. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63இல் போகும். தரையிலிருந்து கிடைக்கும் கூடுதல் உயரமோ 19 மி.மீ.தான். அந்த இரண்டு சென்டிமீட்டருக்காக ஒவ்வொரு கியரிலும் இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் உள்ளே உரசும் அபாயம் உண்டு, பிரேக்குக்கும் வேலை கூடும். எனவே அளவை மாற்றாமல், தார்ச் சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஆல்-டெரைன் வகைக்கு மட்டும் மாறினேன்.

முழுச் சேற்று டயரான மட்-டெரைன் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பட்டன்கள் பெரியவை, இடைவெளி அதிகம், சேற்றை வீசி எறியும். ஆனால் நிலத்துக்குப் போகும் தூரத்தில் பெரும்பகுதி மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாகத் தார்ச் சாலைதான். மழைநேரத்தில் நான்குவழிச் சாலையில் அந்த டயரின் பிடிமானம் குறைவு, இரைச்சலும் காதைத் துளைக்கும். அதைவிட முக்கியமானது ஒன்று. நன்றாக ஊறிய கரிசலில் எந்த டயரும் கொஞ்ச நேரத்தில் மொழுமொழுவென்று ஆகிவிடும். எங்கள் பக்கத்து விவசாயிகள் மழைக்கு மறுநாள் டிராக்டரையே இறக்கமாட்டார்கள். மேல்மண் காயட்டும் என்று காத்திருப்பார்கள். அந்த அறிவை எந்தக் கடையிலும் விற்பதில்லை. நான் அதோடு சேர்த்துக்கொண்டது காற்றழுத்தத்தைக் குறைப்பது. மண்பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிவிட்டால் டயர் அகலமாகப் படிந்து புதையாமல் போகிறது. திரும்பித் தார்ச் சாலையில் ஏறும்போது, பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசரால் மீண்டும் நிரப்பிக்கொள்ள வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும், ஆகவே இந்த இரண்டாவது பாதியில் சோம்பல் கூடவே கூடாது.

அடுத்தது சஸ்பென்ஷன். இந்தத் தாரில் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கப்பட்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டு; பின்பக்கம் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்கினால் வண்டியின் முன்பக்கம் உயர்ந்துவிடும். செலவே இல்லாத உயரம் என்று இதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. திருமங்கலத்தில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் என்னைக் குழிக்குள் இறங்கிப் பார்க்கச் சொன்னார். "முறுக்கினால் ஸ்பிரிங் பெரிதாகிவிடாது தம்பி, ஆக்சில் கீழ்நோக்கித் தொங்கும், அவ்வளவுதான்" என்று கையை வைத்துக் காட்டினார். முன்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட் கூடுதல் கோணத்தில் சுழலும், அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும், உள்ளே மண் புகும். சக்கரங்களின் நேர்க்கோணமான அலைன்மென்ட்டும் கெடும். அதனால் உயரத்தை விட்டுவிட்டோம். பின்னால் விரிசல் கண்டிருந்த ஒரு பிளேட், இணைப்புகளில் இருக்கும் எல்லா ரப்பர் புஷ்களும், நான்கு ஷாக் அப்சார்பர்களும் புதிதாகப் போட்டோம். வண்டி ஓர் அங்குலம்கூட உயரவில்லை. ஆனால் மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விடாமல் ஓடுகிறது. நமக்கு வேண்டியது அதுதானே.

ஓடைக்காக ஒரு சின்ன வேலை செய்தோம். ஓடிச் சூடேறிய டிஃபரென்ஷியல் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மேலே இருக்கும் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு மாறினால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மூச்சுக்குழாயில் ரப்பர் ஹோஸ் பொருத்தி எஞ்சின் அறையின் மேற்பகுதி வரை கொண்டுவந்து கட்டினோம். சில நூறு ரூபாய்ச் செலவு. ஜீப்புக்குச் செய்த எல்லாவற்றிலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். முகப்பு விளக்குக்கு 60/55 வாட் பல்பையே வைத்துக்கொண்டு, ரிலே எனும் மின் சுவிட்ச் வைத்துத் தனி வயரிங் இழுத்ததில் வெளிச்சம் தெளிவாகிவிட்டது. எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும் விளக்குப் பட்டைகளை நான் விரும்புவதில்லை. முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பும் வைக்கவில்லை. பாதசாரிகளுக்கு ஆபத்து என்பதால் அதை அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

இனி குடும்பம். தாரின் பின்பக்கத்தில் எதிரெதிராகப் பக்கவாட்டில் உட்காரும் பெஞ்ச் இருக்கிறது, மேலே துணிக்கூரை. இதைக் கழற்றிவிட்டு இரும்புக் கூரையும் முன்னோக்கிய சீட்டுகளும் வைத்துத் தருவதாக ஒரு பாடி கட்டும் பட்டறையில் சொன்னார்கள். படங்களைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. நான் இரண்டு கேள்விகள் கேட்டேன். ஆர்.சி.யில் இருக்கும் இருக்கை எண்ணிக்கையும் பாடி வகையும் என்ன ஆகும்? புதிய சீட்பெல்ட்டை எங்கே பொருத்துவீர்கள்? முதல் கேள்விக்கு "யாரும் பார்க்கமாட்டார்கள்" என்ற பதில் வந்தது. இரண்டாவதற்கு, தரைத் தகட்டில் போல்ட் போடும் இடத்தைக் காட்டினார்கள். வண்டி மோதும் நேரத்தில் ஒரு பிள்ளையின் முழு எடையும் அந்தப் போல்ட்டில்தான் தொங்கும். அந்தத் தகடு அதற்காகச் சோதிக்கப்பட்டதே இல்லை.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கம்பெனி முதலில் தேடுவதும் இதைத்தான். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம் என்று அதே சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. பக்கவாட்டு பெஞ்ச்சில் அதை ஒழுங்காகச் செய்ய முடியாது. ஆக, குடும்பத்துக்கு வேறு வண்டி என்று அன்றே வீட்டில் பேசி முடித்தோம்.

கார் தேடலை அம்மாவிலிருந்து தொடங்கினோம். வீட்டில் எந்த நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறார் என்று பார்த்து, தரையிலிருந்து அதன் உயரத்தை டேப்பால் அளந்துகொண்டேன். ஷோரூமுக்கு அந்த டேப்பையும் அம்மாவையும் அழைத்துப்போனேன். சீட்டின் உயரம் அந்த அளவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கதவு அகலமாகத் திறக்க வேண்டும். கால் எடுத்து வைக்கும் விளிம்பு குறுகலாக இருக்க வேண்டும். தாழ்வான செடான்கள் எல்லாம் இந்த ஒரே சோதனையில் கழிந்தன. விற்பனையாளர் சன்ரூஃபைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முழங்கால் சொன்னதே போதுமானதாக இருந்தது.

எங்கள் சந்தில் நீளமான வண்டி திரும்பாது. எர்டிகா 4,395 மி.மீ., காரென்ஸ் 4,540 மி.மீ.; இரண்டும் நல்ல ஏழு பேர் வண்டிகள். ஆனால் ஐந்து பேருக்காக அந்த நீளத்தோடு தினமும் மல்லுக்கட்ட முடியாது. நான்கு மீட்டருக்குள் டாடா நெக்ஸான், மாருதி பிரெஸ்ஸா, மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 3 எக்ஸ்.ஓ. மூன்றும் மிஞ்சின.

டீசலா பெட்ரோலா என்ற விவாதம் எங்கள் வீட்டில் நீண்டது. மைத்துனர் டீசல் பக்கம். பி.எஸ்.6 எனும் புகை விதிப்படி வரும் டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடிச் சூடேறினால்தான் சேர்ந்த கரி எரிந்து அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். எங்கள் ஓட்டம் பள்ளிக்கூடம், கீழவாசல், கோரிப்பாளையம், மருத்துவமனை என்று சின்னச் சின்னதாக இருக்கிறது. அந்த ஓட்டத்தில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆகவே பெட்ரோல்.

வரிக் கணக்கை எல்லோரும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள்ளும் 1,200 சிசிக்குள்ளும் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், எஞ்சின் அதைத் தாண்டினால் 40. பிரெஸ்ஸா நீளத்தில் சின்னது, ஆனால் எஞ்சின் 1,462 சிசி, எனவே வரி 40; அது கழிந்தது. தமிழ்நாட்டு சாலை வரியிலும் ஒரு படி இருக்கிறது: 2023 நவம்பர் முதல், விலை ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18. 9.90 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10.10 லட்ச ரூபாய் வண்டிக்கு 1,81,800. இருபதாயிரம் ரூபாய் கூடுதல் அலங்காரத்துக்காக ஐம்பத்து மூவாயிரம் வரி! எந்த வகையை எடுப்பது என்பதை இந்தக் கோடுதான் தீர்மானித்தது.

நெக்ஸானும் 3 எக்ஸ்.ஓ.வும் 2024இல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. ஓட்டிப் பார்க்க ஷோரூம்காரர்கள் வழுவழுப்பான நான்குவழிச் சாலைக்கே அழைத்துப்போனார்கள். நான் விளக்குத்தூண் வழியாக எங்கள் சந்துக்குள் ஓட்ட வேண்டும் என்று கேட்டேன். ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் அடி தட்டுகிறதா என்றும் பார்த்தேன். பின் சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்ததும் விடை கிடைத்துவிட்டது. 3 எக்ஸ்.ஓ. 1,821 மி.மீ. அகலம், முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2,600 மி.மீ.; மூன்று பேரும் தோள் இடிக்காமல் உட்கார்ந்தார்கள், நடுவில் இருப்பவருக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறது. டிக்கியில் நெக்ஸானே பெரியது, 382 லிட்டர். ராமேஸ்வரம் போகிற பெட்டிகளைக் குறைத்துக்கொள்ளலாம், பின்சீட்டு அகலத்தைக் கூட்ட முடியாது. 3 எக்ஸ்.ஓ.வை எடுத்தோம்.

காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அப்படிக் கட்டாயம் கிடையாது. புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுக்கு எடுத்தாக வேண்டும் என்பதுதான் விதி. வெளியே விலை கேட்டு அந்தத் தாளைக் காட்டியதும் அவர்களே குறைத்தார்கள். வண்டியைப் பதிவுக்கு அனுப்புவதற்கு முன், பகல் வெளிச்சத்தில் யார்டுக்குப் போய் உற்பத்தி மாதத்தையும், கதவு இடுக்குகளில் பெயின்ட்டையும், டயர்களில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பார்த்தேன். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நான்கு டயர்களும் ஒரே காலத்தவை, ஸ்டெப்னி மட்டும் மிகப் பழையது. அதை மாற்றிக் கொடுத்த பிறகே பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டேன்.