அப்பா சொல்லாமல் வைத்திருந்த போர்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் ‘ஹோம் கார்டு’ என்ற உள்நாட்டுத் தன்னார்வக் காவல் படையில் இருந்தவர்கள் என்றால், போர்முனைக்குப் போக வயதோ உடல்நிலையோ இடம் கொடுக்காதவர்கள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். என்னுடன் பணிபுரிந்த ஆங்கிலேயர் ஒருவரும் விவசாயியான தம் தந்தையைப் பற்றி அப்படித்தான் எண்ணியிருந்தார். அந்தத் தந்தை ‘ஆக்ஸிலரி யூனிட்ஸ்’ என்ற ரகசியப் படையில் பணியாற்றியவர் என்பது, அவர் இறந்த பிறகே மகனுக்குத் தெரியவந்தது.

1940 கோடையில், பிரான்ஸின் டன்கிர்க்கிலிருந்து பிரிட்டிஷ் சேனை தளவாடங்களைக் கைவிட்டுத் திரும்பியிருந்த நேரத்தில், ஜெர்மானியர் கரையிறங்கினால் அவர்களுடைய முதுகுக்குப் பின்னாலிருந்து தாக்குவதற்காக ராணுவ அதிகாரி காலின் கப்பின்ஸ் அமைத்த படை அது. தம் வட்டாரத்தின் ஒவ்வொரு வரப்பையும் வேலியையும் அறிந்த விவசாயிகளையும் வேட்டைக்காட்டுக் காவலர்களையும் தேடிச் சேர்த்தார்கள். பயிற்சிக்கு வருபவர்கள் ஹைவர்த் ஊர் அஞ்சலகத்தில் மேபல் ஸ்ட்ராங்க்ஸ் என்ற அம்மையாரிடம் போய் நிற்க வேண்டும். அவர் தொலைபேசியில் உறுதிசெய்த பிறகுதான் பயிற்சி நடக்கும் கோல்ஸ்ஹில் மாளிகைக்கு அழைத்துச்செல்ல வண்டி வரும்.

படையெடுப்பு நேர்ந்தால், வீட்டில் ஒரு சொல்கூடச் சொல்லாமல், காட்டில் நிலத்துக்கு அடியில் வெடிபொருளும் உணவும் சேர்த்துவைத்த மறைவிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும். அதன்பின் சுமார் இரண்டு வாரமே உயிர் தாங்கும் என்பது கணிப்பு. வெடிமருந்தைக் கையாண்டதைவிட, மனைவி மக்களை எதிரியின் ஆட்சியில் விட்டுவிட்டுப் போகச் சம்மதித்ததே அவர்களுடைய பெரிய தியாகம் என்று நான் கருதுகிறேன். அந்தச் சம்மதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அன்றாடம் குழந்தைகளோடு அமர்ந்து உண்டிருக்கிறார்கள்.

1944 நவம்பரில் படையைக் கலைத்தபோது, ரகசியம் கருதிப் பொது அங்கீகாரம் அளிக்க இயலாது என்று கடிதம் வந்தது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சிறு சின்னம் மட்டும் கொடுத்தார்கள். போரில் இறந்தோரை நினைவுகூரும் நினைவு ஞாயிறன்று லண்டனின் செனோட்டாஃப் போர் நினைவுச்சின்னத்தின் முன் இப்படையினர் அணிவகுக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எதிரியே இல்லாமற்போன பின்னும் இத்தனை ஆண்டுகள் அந்தக் குடும்பங்களுக்கு அரசு ஒரு வரி எழுதாமல் இருந்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

நண்பர் இப்போது லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இப்படையினரின் பெயர்ப்பட்டியல்களைப் பார்த்துவருகிறார். தந்தையின் குழுவில் நண்பருக்குத் தெரிந்த பக்கத்துப் பண்ணைக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குச் செய்தி சொல்லக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.