கையில் வந்த எம்.ஃபில் சீட்டை விட்ட கதை

2024 ஜூலையில், பெரம்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தபோது அந்த மெயில் வந்தது. எம்.ஃபில் கிளினிக்கல் சைக்காலஜியில் இடம் கிடைத்துவிட்டது. ஃபோனில் சொன்னதும் அம்மா அழுதே விட்டார். தனியார் கல்லூரி, சென்னையிலிருந்து ரயிலில் ஆறு மணி நேரம். 7 நாளுக்குள் முதல் தவணை கட்ட வேண்டும்.

எம்.எஸ்சி. சைக்காலஜி மட்டும் படித்துவிட்டு நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த படிப்பை முடித்து அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதற்கு அப்போது பெரும்பாலானோர் குறிவைத்தது இந்த இரண்டு வருட எம்.ஃபில்லைத்தான். இடங்கள் சொற்பம். முந்தைய வருடம் நான் எழுதிய இரண்டு நுழைவுத் தேர்வுகளிலும் நேர்காணலோடு திரும்பியிருந்தேன்.

இதில் காலக்கெடு வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. எம்.ஃபில் பட்டத்தையே நிறுத்திவிட்டது. 2024 ஜனவரியில்தான், கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 வரை சேர்க்கை நடத்தலாம் என்று அறிவித்தது. இந்த சீட்டை விட்டால் மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு. "கைக்கு வந்ததை விடாதம்மா. அடுத்த வருஷம் கிடைக்கலைன்னா என்ன பண்ணுவ?" என்று அப்பா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

முதல் இரண்டு நாள் கல்விக்கடன் கணக்கிலேயே போனது. மூன்றாம் நாள், கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் இன்டர்ன்ஷிப் செய்தபோது பழக்கமான ஒரு அக்காவிடம் பேசினேன். அவர் கடனைப் பற்றிக் கேட்கவே இல்லை. "உன் ரெக்கார்டை யார் திருத்தப் போறாங்க? விசாரிச்சியா?" என்றார்.

நான் அதை யோசிக்கவே இல்லை. இந்தப் படிப்பில் முதல் வருடம் ஐந்து முழு நோயறிதல் ரெக்கார்டுகள் எழுத வேண்டும். இரண்டாம் வருடம் ஐந்து சிகிச்சை ரெக்கார்டுகள், கூடவே ஆய்வேடு. ஒருவருடைய வாழ்க்கை வரலாறு, மனநிலைப் பரிசோதனை, டெஸ்ட் முடிவுகள், இதெல்லாம் சேர்ந்து அவருக்கு என்ன நடந்திருக்கிறது என்ற நம் கணிப்பு, அத்தனையும் ஒரு ரெக்கார்டில் வரும். டெஸ்ட் வைப்பதைக் கையேடு பார்த்தே கற்றுக்கொள்ளலாம். ஆனால் நாம் கேட்காமல் விட்ட கேள்வியை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசர் மெதுவாக எடுத்துக் கேட்பார். நோயாளியின் முகம் மாறும். அதைப் பார்க்காமல் இந்தத் தொழில் வராது என்று நான் நம்புகிறேன். தவறாகக் கற்றுக்கொண்டால் அதன் பலனை அனுபவிக்கப்போவது நானில்லை, என்னிடம் வருகிறவர்கள்.

அன்று இரவே எழும்பூரில் ரயில் ஏறினேன். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் கல்லூரியின் அங்கீகாரத்தை ஏற்கெனவே பார்த்திருந்தேன், அதில் குறை இல்லை. ஆனால் பட்டம் செல்லும் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. கேன்டீனில் இரண்டாம் வருட மாணவர்கள் இருவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்கள். கல்லூரிக் கையேட்டில் பெயர் இருந்த மூன்று ஆசிரியர்களில் இருவர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மீதமிருந்தவருக்கு நிர்வாக வேலையே சரியாக இருந்தது. வாரத்துக்கு எத்தனை கேஸ் பார்க்கிறீர்கள் என்றேன். இரண்டு, சில வாரம் அதுவும் இல்லை என்றார்கள். புது ஆசிரியர்கள் எப்போது வருவார்கள் என்று அலுவலகத்தில் கேட்டேன். "வந்துடுவாங்க" என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

ஆறாம் நாள் இரவு, வேண்டாம் என்று மெயில் அனுப்பினேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த வருடம் அண்ணா நகரில் ஒரு சிறப்புப் பள்ளியில் உதவியாளராக இருந்தேன். சம்பளம் 14,000. அங்கிருந்த சைக்காலஜிஸ்ட் மேடம் குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்கும் பினே-காமத் டெஸ்ட் வைக்கும்போது கூடவே உட்கார்ந்து குறிப்பெடுப்பேன். முந்தைய நேர்காணல்களில் நான் தடுமாறியது கேஸைப் பற்றிப் பேசச் சொன்னபோதுதான். அந்தத் தடுமாற்றம் இங்கேதான் போனது. 2025இல் மூன்று இடங்களில் தேர்வு எழுதினேன். இரண்டில் இல்லை. மூன்றாவதில், சென்னையிலேயே, காத்திருப்புப் பட்டியலில் இரண்டாவது பெயர். அழைப்பு வரும்வரை சரியாகத் தூங்கவில்லை.

யார் கேட்டாலும் சீட்டை விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கல்லூரியில் கூட உட்கார்ந்து சொல்லித்தர ஒரே ஒருவர் இருந்திருந்தாலும், பெயர் தெரியாத ஊர் என்று பார்க்காமல் சேர்ந்திருப்பேன். அதே கல்லூரி 2025இல் கூப்பிட்டிருந்தாலும் சேர்ந்திருப்பேன். யு.ஜி.சி. சொன்ன கெடு அதோடு முடிந்தது, திரும்ப எழுத அடுத்த வருடம் என்று ஒன்று இருந்திருக்காது. இடம் கிடைத்தவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் நேரில் போய் மாணவர்களிடம் கேளுங்கள். போன வாரம் எத்தனை கேஸ் பார்த்தீர்கள், யார் கூட இருந்தார்கள், எழுதியதை யார் படித்தார்கள்.

என் மூன்றாவது ரெக்கார்டை இங்குள்ள சூப்பர்வைசர் மேடம் நேற்று நான்காவது முறையாகத் திருப்பிக் கொடுத்தார். ஓரமெல்லாம் சிவப்பு மை. "இந்த அம்மா ஏன் இப்ப வந்தாங்க, மூணு வருஷம் முன்னாடி ஏன் வரல?" என்று எழுதியிருக்கிறார். நாளை காலை ஓ.பி.யில் அந்த அம்மாவிடமே கேட்க வேண்டும்.