மாதா குளத்துப் பால்காரச் சிறுவன்

குருவாவதற்கு முந்தைய படியான திருத்தொண்டராக (டீக்கன்) திருநிலைப்படுத்தப்பட்டு, குருத்துவத் திருநிலைப்பாட்டுக்குக் காத்திருக்கிறேன். திருச்சபைச் சட்டப்படி இந்த இரண்டுக்கும் நடுவே குறைந்தது 6 மாத இடைவெளி வேண்டும். அந்தக் காலத்தை ஒரு பங்கில் தங்கிப் பணி செய்து கழிக்கிறேன். எங்கள் பங்கிலும் பக்கத்துப் பங்குகளிலும் இருக்கிற புனித வின்சென்ட் தே பவுல் சபையார் வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை போய், ஆண்டுக் கூட்டத்தையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். "டீக்கன் பிரதர், நீங்களும் போயிட்டு வாங்க. மறையுரை உங்க பொறுப்பு" என்றார் பங்குத்தந்தை. மாதாவிடம் போக யாராவது இரண்டாம் முறை சொல்ல வேண்டுமா என்ன?

இந்தச் சபையாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய எல்லாப் பங்கிலும் இருப்பார்கள். ஆனால் கொடியேற்றத்திலோ தேர்ப்பவனியிலோ முன்னால் நிற்பவர்கள் இல்லை. வாரம் ஒருமுறை கூடுவார்கள், ஜெபிப்பார்கள், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பேசுவார்கள், அப்புறம் இரண்டிரண்டு பேராக அந்த வீடுகளுக்குப் போவார்கள். சாதி, மதம் பார்ப்பதில்லை. 1833இல் பாரீஸ் நகரில் இதைத் தொடங்கிய பிரெடெரிக் ஓசனாம் அப்போது 20 வயதுக் கல்லூரி மாணவர். உங்கள் திருச்சபை பழைய பெருமை பேசுகிறதே, இன்றைக்கு ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று ஒரு விவாதத்தில் எதிரணியினர் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவரை விடவில்லை. நண்பர்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். ஏழைகளின் வீட்டுக்குள் எப்படி நுழைவது, என்ன பேசுவது என்று அவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தவர் ரோசலி ரெண்டு என்ற அருள்சகோதரி. ஓசனாம் 40 வயதிலேயே, 1853 செப்டம்பர் 8 அன்று இறந்துபோனார். அது அன்னை மரியாவின் பிறந்தநாள். வேளாங்கண்ணித் திருவிழா நாளும் அதுதான். பேருந்தில் செபமாலை முடிந்தபின் இதைச் சொன்னேன். கேட்டதும் பின் இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்று "மரியே வாழ்க" என்று குரல் கொடுத்தார். பேருந்தே திருப்பிச் சொன்னது.

விடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். பேராலயத்தில் மாதாவின் முன் கொஞ்ச நேரம் முழந்தாளிட்டோம். புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகள் தந்த பீங்கான் தட்டுகள் பீடத்தில் பதிக்கப்பட்டிருப்பதைச் சபையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்குக் காட்டினேன். பிறகு மாதா குளத்துக்குப் புறப்பட்டோம்.

அந்த மணல் பாதையில் போனவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. சிலுவைப்பாதை நிலைகளைப் பார்த்தபடி மக்கள் முழந்தாளிலேயே நகர்ந்து போவார்கள். எனக்கு முன்னால் ஓர் அம்மா அப்படிப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய மகள் ஒரு துண்டை மடித்து அம்மாவின் முழங்காலுக்கு முன்னால் விரிப்பாள், அவர் கடந்ததும் எடுத்து உதறி மறுபடி விரிப்பாள். வழி முழுக்க அதேதான். மகள் எந்தப் பொருத்தனையும் செய்ததாகத் தெரியவில்லை. அம்மாவின் பொருத்தனை நிறைவேற வேண்டும், அவ்வளவுதான். அன்று நான் பார்த்த மிகச் சிறந்த திருத்தொண்டு அது என்று இப்போதும் நினைக்கிறேன்.

வேளாங்கண்ணியில் மாதா முதலில் காட்சி தந்தது இந்த மாதா குளத்தருகில்தான் என்பார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த முதலாளி வீட்டுக்குப் பால் கொண்டுபோன சிறுவன், குளத்தருகே ஆலமரத்தடியில் களைத்துப்போய்ப் படுத்தான். கையில் குழந்தையோடு ஒரு தாய் வந்து, குழந்தைக்குக் கொஞ்சம் பால் கேட்டார். கொடுத்தான். முதலாளியிடம் போய், தாமதத்துக்கும் குறைந்த பாலுக்கும் மன்னிப்புக் கேட்டான். மூடியைத் திறந்தால் பால் நிறைந்து வழிந்தது என்பது மரபாகச் சொல்லிவரும் கதை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் குளத்துப் படியில் நின்றபோது ஒன்று உறைத்தது. அந்தப் பால் அவனுடையது இல்லையே! ஊற்றிக் கொடுக்க அவனுக்கு உரிமை ஏது? அடி விழும் என்று தெரிந்தும் கொடுத்திருக்கிறான். குழந்தைக்குப் பசி என்று ஒரு தாய் கேட்டபின் அவனால் கணக்குப் பார்க்க முடியவில்லை.

மறையுரைக்கு வேறொன்றை எழுதி வைத்திருந்தேன். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

திருப்பலிக்கு முன்பு ஒரு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. அறிக்கை, வரவு செலவு, சபை பொறுப்பேற்றுக் கவனிக்கும் தத்துக் குடும்பங்களுக்கு அரிசி, மருந்து என்று வழக்கமானவை. நடுவில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது. ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு, திறந்த கையோடு எடுத்தார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. ஒன்றும் இல்லாதவரும் கையை விட்டு எடுக்கலாம். உதவி பெறுகிறவருக்கு மட்டுமல்ல, கொடுக்கிறவருக்கும் கூச்சம் வரக்கூடாது என்று நினைத்து யாரோ ஏற்படுத்திய வழக்கம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகு வீடு சந்திப்பைப் பற்றி உறுப்பினர்கள் பேசினார்கள். யாரும் பெயர் சொல்வதில்லை, தெருவும் சொல்வதில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்தார். தனியாக இருக்கும் சர்க்கரை நோயாளி ஒருவர் பல வாரங்கள் கதவையே திறக்கவில்லையாம். இவரும் துணைக்குப் போனவரும் வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்களாம். ஒருநாள் கதவு திறந்திருக்கிறது. என்ன வேண்டும் என்று கேட்டால் அரிசியும் வேண்டாம், பணமும் வேண்டாம் என்றிருக்கிறார். "குனிய முடியல, கண்ணும் தெரியல. கால் நகத்தை வெட்டிவிடுவீங்களா?" அதுதான் கேட்டது. வெந்நீரில் காலை ஊறவைத்து, காயம் படாமல் ஒவ்வொரு விரலாக வெட்டினோம், ஒரு மணி நேரம் ஆயிற்று என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். இயேசு சீடர்களின் காலடிகளைக் கழுவுகிற யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தைக் குருமடத்தில் விளக்கவுரைகளோடு படித்திருக்கிறேன். இவர் அதைச் செய்துவிட்டு வந்து, வரவு செலவுக்கு நடுவே சொல்கிறார்.

திருப்பலியில் சபையின் ஆன்மிக ஆலோசகரான அருள்தந்தை தலைமை தாங்கினார். நற்செய்தி வாசிக்குமுன் அவரிடம் குனிந்து ஆசி பெற்றேன். மறையுரையில் பால்காரச் சிறுவனைப் பற்றிப் பேசினேன். திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் அன்றாடப் பந்தியில் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு வந்தபோதுதான் பந்தியைக் கவனிக்க ஸ்தேவானையும் மற்ற ஆறு பேரையும் தேர்ந்தார்கள்; திருத்தொண்டர் பணியின் தொடக்கமாக அவர்களைச் சொல்வது வழக்கம். அவர்கள் பரிமாறியது சொந்தச் சாப்பாடு இல்லை, விசுவாசிகள் கொண்டுவந்து வைத்தது. 258இல் உரோமையில் மறைசாட்சியான திருத்தொண்டர் லாரன்சும் அப்படித்தான். திருச்சபையின் செல்வத்தைக் கொண்டுவா என்று அதிகாரி கேட்டபோது, ஏழைகளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார் என்பது மரபு. "நீங்கள் கொண்டுபோகும் அரிசியும் உங்களுடையது இல்லை, நான் வாசித்த நற்செய்தியும் என்னுடையது இல்லை. சிந்தாமல் கொண்டுபோய், கேட்பவருக்குக் கொடுப்போம்" என்றேன். நீளமாகப் பேசவில்லை. நகம் வெட்டியவர் முன்வரிசையில் இருந்தார், அவரைப் பார்த்தால் குரல் தழுதழுத்துவிடும் என்று சுவரைப் பார்த்துப் பேசினேன்.

கிண்ணத்தில் திராட்சை இரசம் ஊற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் கலப்பது திருத்தொண்டரின் வேலை. கலந்தபின் அந்தச் சொட்டைப் பிரிக்க முடியாது. நம் மனித இயல்பை ஏற்ற கிறிஸ்துவின் இறையியல்பில் நாமும் பங்குபெற வேண்டும் என்று அப்போது மெதுவாகச் சொல்லும் செபத்தை அன்று நிறுத்திச் சொன்னேன். நற்கருணை மன்றாட்டின் முடிவில் அருள்தந்தை அப்பத்தை உயர்த்த, நான் கிண்ணத்தை உயர்த்தினேன். அந்த நேரத்தில் திருத்தொண்டருக்குச் சொல்ல வார்த்தை எதுவும் கிடையாது. மக்கள் ஆமென் சொல்லி முடிக்கும்வரை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். அன்று ஆமென் நீண்டது. கை நடுங்கினாலும் இறக்க மனம் வரவில்லை.

மதியம் சாம்பார் வாளியை நான் வாங்கிக்கொண்டேன். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் முதலில் சம்மதிக்கவில்லை, பிறகு விட்டுவிட்டார்கள். மாலையில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இறந்தவர்களின் நினைவிடத்துக்குப் போய் இறந்தோருக்கான செபம் சொன்னோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களில் அடக்கம்.

ஊர் திரும்பும் வழியில் எங்கள் கிளைச் சபைத் தலைவரிடம், வீடு சந்திப்புக்கு என்னையும் அழைத்துப் போங்கள் என்று கேட்டேன். "தாராளமா வாங்க பிரதர். அந்தப் பெரியவர் வீட்டுக்கே போவோம், நகம் மறுபடி வளர்ந்திருக்கும். ஆனா அங்கி வேண்டாம், சாதாரணச் சட்டையில வாங்க, அவர் கூச்சப்படுவார்" என்றார். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.